நான் திறக்காத படம்

செப்டம்பர் 1, திங்கள்

தீபாவளி விற்பனை சூடு பிடிப்பதற்குள் சர்வர்களை ஒரு தடவை முழுசாகச் சோதித்துவிட வேண்டும் என்று தமயந்தி மேடம் சொன்னார். ஜூனில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே செய்திருக்க வேண்டியது. அப்போது வெப்சைட் அடிக்கடி படுத்துக்கொண்டதால், அதைத் தூக்கி நிறுத்துவதிலேயே காலம் போய்விட்டது.

எங்கள் கம்பெனி செய்வது மார்பில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்கான உள்ளாடை. மேடமே அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர். தனக்கு ஒத்துவருகிற மாதிரி எந்தக் கடையிலும் கிடைக்காமல், பி.என். ரோட்டில் தன் அண்ணனுடைய பனியன் கம்பெனியின் மேல்மாடியில் நாலைந்து தையல் மெஷினோடு தொடங்கினார். இப்போது முழுக்க ஆன்லைன் வியாபாரம். பார்சலின் மேல் கம்பெனி பெயர்கூட இருக்காது. வாங்குகிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். என்னிடம் யாராவது எங்கே வேலை என்று கேட்டால், திருப்பூரில் ஒரு கார்மென்ட்ஸ் என்று நிறுத்திக்கொள்வேன். கோபியில் இருக்கும் ரேணுகா அக்காவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். விளக்கிச் சொல்ல அதில் என்ன இருக்கிறது.

எங்கள் தகவல் எல்லாம் கிளவுடில் இருக்கிறது. மும்பையில் யாரோ வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர் கூடத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த இடம் என்று வைத்துக்கொள்ளலாம். மேடத்துக்கு இன்னொரு தடவை விளக்கினேன். "வீட்டு ஓனர் கேட்டப் பூட்டுவாரு, நம்ம ரூமை நாமதான் பூட்டிக்கோணும். அதுதானுங்க? பூட்டுங்க" என்றார்.

கடைவாய்ப் பல் வலிக்கிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் இன்னும் உயிரோடு இருந்தன. எல்லாவற்றையும் மூடினேன். இனிமேல் பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் நம்பரையும் போட்டால்தான் உள்ளே போக முடியும். வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் பெண்களுக்கெல்லாம் தலைவி ஜெரினா. அவருக்கு இது பிடிக்கவில்லை.

"ஏனுங் சார், நான் ஜெரினாதான்னு எனக்குத் தெரியும். எம் போனுக்கும் தெரியும். அப்பறம் யாருகிட்ட நிரூபிக்கறது?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்களே."

"அதுக்கு என்னதான் தெரியும்" என்றார். ஆனால் போட்டுக்கொண்டார். என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் போகச் சொன்னார். போகிறேன் என்றேன்.

சாயங்காலம் ரூமுக்குத் திரும்பும்போது ரயில்வே மேம்பாலத்துப் பக்கம் போகாமல் சுற்றி வந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆம்புலன்ஸ் போக்குவரத்து அதிகம். சுற்றுவழி கொஞ்சம் தூரம்தான், ஆனால் சிக்னல் கிடையாது.

செப்டம்பர் 3, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியதையும் எழுதிவைக்கிறேன்.

அளவு சரியாக அமைய வேண்டும் என்பதற்காக வாடிக்கையாளர்கள் அளவுத் தாளோடு ஒரு படமும் அனுப்புவார்கள். ஆபரேஷன் ஆன பக்கம் எப்படி இருக்கிறது என்று தையல் மாஸ்டரம்மா பார்ப்பதற்கு. முகம் இருக்காது. ஆனால் படத்தோடு சேர்ந்த தாளில் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் இருக்கும். இவற்றையெல்லாம் வைத்திருக்கும் பகுதி பூட்டப்படவே இல்லை. அதன் இணைய முகவரி தெரிந்த எவரும் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போகலாம். ஏப்ரலில் மொபைல் ஆப் செய்துகொடுத்த பையன், படங்கள் ஆப்பில் தெரியவில்லை என்று அவசரத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறான். திரும்ப மூடவில்லை. ஆப் ஓடியது, பாராட்டு வாங்கினான், பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான்.

உடனே மூடினேன். ஒரே ஒரு பொத்தான். அவ்வளவுதான் வேலை.

மேடத்திடம் சொன்னபோது அவர் தையல் ஹாலில் நின்றுகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஜூன்ல இருந்து நீங்க இருக்கறீங்களே" என்றார். குரல் உயரவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் தானாகவே குறித்துவைக்கும். அந்தக் குறிப்பைக் காலையிலிருந்து வாசித்தேன். ஜூலையில் ஒரு மத்தியானம், எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு இடத்திலிருந்து யாரோ வந்து, அளவுத் தாள்கள் அத்தனையையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். படங்களில் ஒரு பகுதியையும். பிறகு திரும்பி வரவில்லை. அது ஆளா, ஊர் ஊராகத் திறந்த கதவு தேடி அலையும் ஒரு புரோகிராமா என்றுகூடத் தெரியவில்லை. இணையத் திருட்டுகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்புக்கு முறைப்படி எழுதி அனுப்பினேன்.

யாருடைய படங்கள் போயிருக்கின்றன என்று மாவட்டவாரியாகப் பிரித்து எடுத்தேன்.

ஈரோடு மாவட்டத்தில் நிறுத்திவிட்டேன். பல் வலி.

செப்டம்பர் 5, வெள்ளி

மிலாடி நபி விடுமுறை. துணி துவைத்தேன். பைக் செயினுக்கு எண்ணெய் விட்டேன். ரூமைப் பெருக்கினேன், பிறகு இன்னொரு தடவை பெருக்கினேன். பெருமாநல்லூர் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

ரேணுகாதேவி சண்முகம், கச்சேரிமேடு, கோபிசெட்டிபாளையம். போன் நம்பர் எனக்கு மனப்பாடம். போன வருஷம் புரட்டாசியில் முதல் ஆர்டர். இந்தச் சித்திரையில் இரண்டாவது. இடது பக்கம். படம் இணைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துப்போன படங்களில் அதுவும் இருக்கிறது.

என் அக்கா.

படத்தை நான் திறக்கவில்லை.

போன வருஷம் ஆடியில் அம்மா திதிக்குப் பவானி கூடுதுறைக்கு மச்சான் மட்டும்தான் வந்தார். அக்காவுக்கு முதுகுப் பிடிப்பு, உட்கார முடியவில்லை என்றார். பொங்கலுக்கு நான் கோபிக்குப் போனபோது அக்கா பொங்கல் பானையை இறக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். இடது கையால் எதையுமே தூக்கவில்லை. இதை அப்போது கவனித்தேனா, இல்லை இப்போது நானாக அப்படி நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை.

சாயங்காலம் போன் போட்டேன். ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவளே கூப்பிட்டாள்.

"என்னடா, மிஸ்டு கால் குடுக்கற?"

"சும்மாதான்க்கா. கை பட்டிருச்சு."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீ எப்பிடி இருக்கற?"

"எனக்கென்ன. பேங்க்ல ஆடிட்டு. மச்சானுக்கு சளி. நீ ஏன் ஒரு மாதிரி பேசற?"

"பல் வலி."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"போறேன்."

உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள்.

செப்டம்பர் 6, சனி

மேடத்தின் அறையில் மீட்டிங். மேடம், நான், ஜெரினா. வாடிக்கையாளர்களிடம் சொல்வதா, வேண்டாமா?

சொல்லியே ஆக வேண்டும் என்றேன். சட்டம் ஒரு பக்கம். தன் படம் வெளியே போயிருக்கிறது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால்தான், நாளைக்கு எவனாவது மிரட்டிப் போன் செய்யும்போது தடுமாறாமல் நிற்பாள்.

மேடம் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இதச் சொன்னா கம்பெனி இருக்காதுன்னு எங்க அண்ணன் சொல்றாரு. இருக்காதுதான். அது எனக்கும் தெரியும். ஆனா எம் படம் அதுல இருந்து, யாரும் எங்கிட்டச் சொல்லாம இருந்திருந்தா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிருங்க" என்றார்.

ஜெரினாதான் தடுத்தார்.

"மெசேஜ் வேண்டாங் மேடம். பாதி வீட்ல போன் அவங்க கையில இருக்கறதில்லீங். வீட்டுக்காரர்கிட்ட இருக்கும், இல்லாட்டி பசங்க கேம் ஆடிட்டிருக்கும். நம்ம கஸ்டமர்ல கல்யாணத்துக்குப் பொண்ணு வெச்சிருக்கறவங்க இருக்கறாங்க. கேன்சர்னு வெளிய தெரிஞ்சா சம்பந்தம் நின்னுரும்னு மாமியாகிட்டக்கூடச் சொல்லாம வெச்சிருக்கறாங்க. அந்த போன்ல 'உங்கள் படம் கசிந்துவிட்டது'ன்னு போயி நின்னா, திருடன் செய்யாததை நாம செஞ்ச மாதிரி ஆயிரும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. பூட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தோன்றும்.

முடிவு: ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட வேண்டும். பெண்கள்தான் பேச வேண்டும். எடுத்தது அவர்தானா, தனியாக இருக்கிறாரா என்று தெரிந்துகொண்ட பிறகே விஷயத்தைச் சொல்ல வேண்டும். வேறு யாராவது எடுத்தால், துணிக்கடையிலிருந்து அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்பதற்காகப் பேசுகிறோம் என்று வைத்துவிட வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

போன் பேசப்போகும் பெண்களுக்குக் காலையில் வகுப்பு எடுத்தேன். தகவலைக் காப்பாற்றுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு: வேலைக்காகப் பார்த்த எதையும் வேலைக்கு வெளியே தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பட்டியலில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரம்மா இருக்கலாம், உங்கள் டீச்சர் இருக்கலாம். தெருவில் பார்த்தால் எப்போதும்போல் சிரித்துவிட்டுப் போக வேண்டும். துக்கம் விசாரிக்கக் கூடாது.

ஒரு பெண் கேட்டாள்: "நம்ம சொந்தக்காரங்களா இருந்தா சார்?"

"அப்பவும் அதேதான்."

சரியாகத்தான் சொன்னேன்.

இனி அளவுத் தாள்களை யாருமே முழுசாகப் பார்க்க முடியாதபடி செய்தேன். தைக்கிறவருக்கு அளவு மட்டும் தெரியும், பார்சல் கட்டுகிறவருக்கு விலாசம் மட்டும் தெரியும். எனக்கிருந்த அனுமதியையும் எடுத்துவிட்டேன். நான் நினைத்தாலும் இனி அந்தப் படத்தைத் திறக்க முடியாது.

வாடிக்கையாளர்கள் விவரம் கேட்டால் யார் பெயரைச் சொல்வது என்று ஜெரினா கேட்டார். தன் பெயரைச் சொல்லச் சொன்னார் மேடம். சர்வர் சம்பந்தமான கேள்விக்கு என் பெயரையும் ஊரையும் நம்பரையும் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். "ஊரு எதுக்குங் சார்?" என்றார் ஜெரினா. பெயர் மட்டும் சொன்னால் மனிதன் மாதிரி இருக்காது, ஊரோடு சேர்த்துச் சொன்னால் நம்பிக்கை வரும் என்றேன். நவநீதன், தாராபுரம். அதுதான் முறை.

செப்டம்பர் 9, செவ்வாய்

போன் வேலை தொடங்கிவிட்டது. நான் ஹாலின் ஓரத்தில் உட்கார்ந்து பேக்கப் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் அந்தப் பக்கம்.

ஒருத்தர் அழுதார். ஒருத்தர் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். சிவகங்கைப் பக்கத்துப் பெண் ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பப்போவதாகச் சொன்னார். அனுப்ப வேண்டியதுதான். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் சிரித்திருக்கிறார்: "ஏம்மா, என் தையல் போட்ட நெஞ்சப் பாத்தா அவன்தான் பயந்து ஓடணும், நான் எதுக்குப் பயப்படணும்?" போனை வைத்த பிறகு ஜெரினா பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

என் போனுக்கு நிறைய அழைப்புகள். யார் எடுத்தார்கள்? தெரியாது. திருப்பி வாங்க முடியுமா? முடியாது. இனி போகாதா? போகாத மாதிரி செய்திருக்கிறேன். எல்லோருக்கும் இதே பதில்தான். "தெரியாது" என்று சொல்ல இத்தனை பயிற்சி இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

செப்டம்பர் 10, புதன்

திருச்சி, மதுரை, சேலம் முடிந்தன. ஆர்டர்கள் பாதிக்கு மேல் விழுந்துவிட்டன. மேடத்தின் அண்ணன் மேலே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மேடம் எல்லோருக்கும் வடை வாங்கிவரச் சொன்னார்.

நாளைக்கு ஈரோடு மாவட்டம்.

செப்டம்பர் 11, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஜெரினா என் மேஜைக்கு வந்தார்.

"சார், உங்க ஊரச் சொன்னது நல்லதா கெட்டதான்னு தெரியலீங்."

"ஏனுங்க?"

"கோபியில ஒரு அம்மா. மொதல்ல என்னையக் கத்துனாங்க. நல்லாவே கத்துனாங்க. அப்பறம் கொஞ்சம் அடங்கி, அங்க இதுக்கெல்லாம் யாரு பொறுப்பு, அந்தாளு உருப்படியான ஆளான்னு கேட்டாங்க. நவநீதன்னு ஒருத்தருங்க, தாராபுரத்துக்காரர், அவருதான் கண்டுபுடிச்சு மூடுனாரு, அவரு நம்பர் தரட்டுங்களான்னேன். லைன்ல சத்தமே இல்ல. நம்பர் வேண்டாம்னுட்டு வெச்சுட்டாங்க."

"சரிங்க" என்றேன்.

"தெரிஞ்சவங்களா சார்?"

நான் விதியை நினைத்துக்கொண்டேன். "சாப்பிடப் போங்க, நேரமாச்சு" என்றேன். ஜெரினா தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 12, வெள்ளி

போன் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது. புது சார்ஜர் வாங்கினேன்.

செப்டம்பர் 13, சனி

அழைப்பு எதுவும் இல்லை. வேலை சம்பந்தமாக வந்ததைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

முடி வெட்டிக்கொண்டேன். அக்கா நம்பரைத் தெரியாமல் பிளாக் செய்து வைத்திருக்கிறேனா என்று பார்த்தேன். இல்லை. அவள் என் நம்பரை பிளாக் செய்திருக்கலாம். அதைச் சோதிப்பதற்குக் கூப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். கூப்பிடவில்லை.

கோபம் வருகிறது. கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருக்கிறேன். கட்டி, ஆபரேஷன், ரேடியேஷன் என்று எல்லாம் முடித்துவிட்டு, முதுகுப் பிடிப்பு என்று சொல்லி அனுப்புகிறாள். நான் என்ன, ஊரா?

செப்டம்பர் 15, திங்கள்

பதினோரு மணி வாக்கில் கீழே இருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார், என்னைப் பார்க்க ஒரு அம்மா வந்திருப்பதாக.

அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். "லீவு போட்டுட்டு வந்தேன். டீ குடிக்கலாமா?" என்றாள்.

பக்கத்துப் பேக்கரிக்குப் போனோம். மூலையில் ஒரு மேஜை கிடைத்தது. இரண்டு டீ, ஒரு தேங்காய் பன். அவள் பன்னைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"உங்க கம்பெனித் துணி நல்லாயிருக்குடா" என்றாள். "வேர்வைக்கு ஒட்டறதில்ல."

நான் டீயை ஆற்றினேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மிலாடி நபி லீவுக்கு மொத நாளு."

"ஓ. கை பட்டிருச்சுன்னு போன் பண்ணுனியே."

"அது கஸ்டமர் தகவல்க்கா. அத வெச்சு உங்கிட்ட நான் பேசக் கூடாது."

"அதனாலதான் பேசலையா?"

"ஆமா."

நான் சொன்னது பொய்யில்லை.

"போட்டோ?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"நான் தொறக்கல. இனி தொறக்கவும் முடியாது."

"எடுத்துட்டுப் போனவன்?"

"அவங்கிட்ட இருக்கு. யாருன்னு தெரியல. எதுக்குன்னும் தெரியல. கடைசி வரைக்கும் தெரியாமயே போகலாம்க்கா. ஏதாவது போன் வந்தா, மெசேஜ் வந்தா, பதில் சொல்லாம உடனே எங்கிட்டச் சொல்லு."

பன் சுற்றியிருந்த காகிதத்தை அவள் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தாள். "கோபமா வருது. யாரு மேல காட்டறதுன்னு தெரியல. அந்தப் புள்ள ஜெரினாவ வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நான் வருத்தப்பட்டேன்னு சொல்லு." பிறகு காகிதத்தைத் தட்டில் போட்டாள். "ஊரு பேரு தெரியாதவன் பாத்தா பாத்துட்டுப் போறான். அவனா பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வரப்போறான்? நீ பாக்கலையில்ல, அது போதும்."

அப்போதுதான் கேட்டேன். இத்தனை நாளாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததை. கேட்கும்போது கோபமாகத்தான் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல? மூணாம் மனுசனா நானு?"

"கத்தாதடா. கடை."

"சொல்லு."

"அம்மா போனதுக்கப்பறம் நீ எப்பிடி இருந்தேன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா?"

"பெங்களூர் வேலை ஒத்துவரல. கொஞ்ச நாள் வீட்ல இருந்தேன்."

"கொஞ்ச நாளா?" என்றாள். "அம்மாவ ஆஸ்பத்திரில வெச்சுப் பாத்தது பூராம் நீ. உன் கையிலதான் போனாங்க. அப்பறம் தாராபுரத்து வீட்ல கதவச் சாத்திட்டுப் படுத்தவன், ஒரு வருசம் எந்திரிக்கல. மாசத்துல பாதி நாளு நான் அங்கதான் கெடந்தேன். சோத்த வாசப்படில வெச்சுட்டு, தட்டு காலியாகுதான்னு பாத்துட்டு உக்காந்திருப்பேன். அப்பத்தான் நீ எந்திரிச்சு, சவரம் பண்ணி, நாலு எடத்துக்கு வேலைக்கு எழுதிப் போட ஆரம்பிச்ச. அந்த மாசம் எனக்கு இது தெரியுது. அதே கேன்சர். உங்கிட்டச் சொன்னா நான் ரெண்டு பேரப் பாத்துக்கோணும். என்னையப் பாத்துக்கவே எனக்குத் தெம்பில்லடா அப்ப."

பேக்கரிக்காரர் பில்லைக் கொண்டுவந்து வைத்தார். அக்காவே கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தேன். குன்னத்தூர் வழியாகப் போகும் கோபி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது அவளுக்கு. "பல்லப் போயி டாக்டர்கிட்டக் காட்டு" என்றாள். பஸ் எடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

செப்டம்பர் 17, புதன்

ஒரு வருஷம் இல்லை. எட்டு, ஒன்பது மாதம் இருக்கலாம். அக்கா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

காலையில் மேம்பாலத்து வழியாகப் போனேன். ஆஸ்பத்திரிக்கு எதிரில் சிக்னல் விழுந்தது. பச்சை விழுந்த பிறகும் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது, பின்னால் வேன்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார்.

செப்டம்பர் 18, வியாழன்

வாடிக்கையாளர்கள் அத்தனை பேரிடமும் பேசியாகிவிட்டது. எடுக்காதவர்கள் சிலர். அவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவோம் என்கிறார் ஜெரினா. விலகியவர்கள் நிறைய. போன் செய்து சொன்னதற்காகவே ஆர்டர் போட்டவர்களும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மேடம் புது உத்தரவு போட்டார்: துணி தைத்து அனுப்பியதும் படத்தை அழித்துவிட வேண்டும், பேக்கப்பில்கூட இருக்கக் கூடாது. "வெச்சிருந்தாத்தானே திருடறதுக்கு?" என்றார். ஆறு வருஷப் படங்களை இன்று அழித்தேன். அழிக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தபோது மேடம் என் பின்னால் நின்று கடைசி வரைக்கும் பார்த்தார். தன் படமும் அதில் இருந்ததாம், முதல் சாம்பிளுக்காக எடுத்தது.

சாயங்காலம் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்: அடுத்த செக்கப் எப்போ?

செப்டம்பர் 19, வெள்ளி

பதில் வந்தது. "25. கோவை. மச்சான் வர்றார்."

நல்லது.

செப்டம்பர் 22, திங்கள்

அக்காவிடமிருந்து மெசேஜ். "மச்சானுக்கு ஸ்கூல்ல காலாண்டுப் பரீட்சை டூட்டி போட்டுட்டாங்க. நானே போயிக்குவேன்."

மூன்று தடவை படித்தேன். தானே போய்க்கொள்கிறவள் அதை எனக்கு எதற்காக எழுதி அனுப்ப வேண்டும்?

மத்தியானம் வரை இரண்டு பதில்கள் எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்."

செப்டம்பர் 24, புதன்

மேடத்திடம் லீவு கேட்டேன். அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "ஃபைலை நீங்க தூக்கிக்குங்க. அவங்க கையில பை கனக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

ரிப்போர்ட் நல்லபடியாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காந்திபுரத்தில் அவள் இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் அவள் பேங்க் கதை பேசிக்கொண்டு வந்தாள், மேனேஜருக்கும் கேஷியருக்கும் நடந்த சண்டை. ஆஸ்பத்திரி கேட்டில் எனக்குக் கால் நின்றுவிட்டது. தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்றேன். பையிலேயே தண்ணீர் இருந்தது. அவள் மரத்தடியில் நின்றாள். நான் எதிர்க்கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கி, முழுக்கக் குடித்துவிட்டு வந்தேன். பிறகு உள்ளே போனோம். அதே பினாயில் வாசனை. அம்மாவை வைத்திருந்தது இந்த ஆஸ்பத்திரி இல்லை, ஆனால் வாசனை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

அக்காவுக்கு அங்கே எல்லாம் பழக்கம். எந்த ஜன்னலில் டோக்கன், எந்த மாடியில் ஸ்கேன், எந்த நர்ஸ் நல்லவர், எவர் சிடுசிடுப்பு. நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். ஸ்கேன் முடித்து வந்து டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றிலும் ஃபைலோடு பெண்கள். இவர்களில் எத்தனை பேர் எங்கள் வாடிக்கையாளர்களோ. யாரையும் உற்றுப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்து நர்ஸ் அக்கா பெயரைக் கூப்பிட்டார். "கூட வந்திருக்கறவங்களும் உள்ள வரலாம்."

அக்கா எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "நீ இங்கயே உக்காருடா. ரிப்போர்ட்டு பாக்கறதுதான், அஞ்சு நிமிசத்துல வந்துருவேன்."

நான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்க நினைத்தேன் என்பதுதான் உண்மை. அவள் நாலடி போன பிறகு எழுந்தேன். ஃபைல் என்னிடம்தான் இருந்தது, அதைக் கொடுப்பதற்காகவாவது போக வேண்டும். ஓடிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

கதவுக்கு முன்னால் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நடுக்கம் தெரிந்தது. என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். என் கை அசையாமல்தான் இருந்தது.

"பயமா இருக்குடா" என்றாள்.

அம்மாவின் ஆஸ்பத்திரியிலும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"இருக்கட்டும்க்கா" என்றேன். "வா."

உள்ளே போனோம்.